முக்குளிப்பு விடுமுறைக்கு எந்தத் தீவு? அந்தமான், இலட்சத்தீவு, மாலத்தீவு, திருகோணமலை: ஓர் ஒப்பீடு

காற்றுக்கலத்தை முதுகில் சுமந்து கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்புக்காக விடுமுறை எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இடத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். கடலின் மேல் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகளின் படத்தைப் பார்த்து மாலத்தீவு என்றோ, விமானக் கட்டணம் குறைந்திருக்கிறது என்று அந்தமான் என்றோ தீர்மானித்துவிட்டு, அதன்பிறகே எந்த மாதம் போவது, அங்குள்ள கடலில் இறங்கத் தங்களுக்குப் பயிற்சி போதுமா என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த மாதத்தில் விடுப்பு கிடைக்கும், இதுவரை எத்தனை முறை காற்றுக்கலத்தோடு கடலுக்குள் இறங்கியிருக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லிவிட்டால், இடம் ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து புறப்படுபவருக்கு எட்டும் தூரத்தில் உள்ள அந்தமான், இலட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் கிழக்குக் கரை ஆகிய நான்கையும் அந்த இரண்டு கேள்விகளின் வழியாகவே இங்கு ஒப்பிடுகிறேன்.

முதலில் பயிற்சியைப் பற்றி. சான்றிதழ் ஏதும் இல்லாதவர்களுக்கென்று அறிமுக முக்குளிப்பு ஒன்று எல்லாச் சுற்றுலாத் தீவுகளிலும் நடத்தப்படுகிறது. பயிற்றுநர் ஒருவர் கூடவே இருக்க, 12 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டு வரலாம். அடுத்த படி ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ். மூன்று அல்லது நான்கு நாட்கள் நீடிக்கும் பாடம், ஆழமற்ற நீரில் பயிற்சி, கடலில் நான்கு முக்குளிப்புகள், ஒரு தேர்வு ஆகியவற்றை முடித்தால், துணை ஒருவருடன் 18 மீட்டர் வரை இறங்கும் தகுதி கிடைக்கிறது. அதற்கும் அடுத்ததான ‘அட்வான்ஸ்டு’ சான்றிதழ் அந்த எல்லையை 30 மீட்டருக்கு நீட்டுகிறது. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. என்ற இரு அமைப்புகளில் எது வழங்கிய சான்றிதழானாலும் உலகெங்கும் ஏற்கப்படுகிறது என்பதால், அவற்றுள் எது மேல் என்று குழம்ப வேண்டியதில்லை. கற்றுத் தருபவர் எத்தனை பேரை ஒரே நேரத்தில் அழைத்துச் செல்கிறார், அவர் பேசும் மொழி நமக்கு முழுமையாக விளங்குகிறதா என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

அறிமுக முக்குளிப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் நெரியும் இடங்களில் அது, பயிற்றுநர் பின்னாலிருந்து நம் காற்றுக்கலத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிச் சென்று, படம் எடுத்துக் கரை சேர்த்துவிடும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. நீருக்கடியில் மூச்சு விடுவது தமக்கு ஒத்துவருகிறதா என்று அறிய அது போதும். ஆனால் ஒரு வார விடுப்பும், பல ஆயிரம் ரூபாய் விமானக் கட்டணமும் செலவழித்துச் செல்பவர்கள், அதே வாரத்தில் சான்றிதழ் பயிற்சியை முடித்துவிட முடியும் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம் என்ற விளம்பரம் அறிமுக முக்குளிப்புக்கு மட்டுமே பொருந்தும். சான்றிதழ் பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்டவும், பத்து நிமிடங்கள் உதவியின்றி மிதக்கவும் வேண்டும். நீந்தத் தெரியாத பெரியவர்கள் நம்மிடையே மிகப் பலர். அவர்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே ஊரில் உள்ள நீச்சல் குளத்தில் சேர்ந்துகொள்வது, எந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தாலும் வீண்போகாத முதலீடு.

இவ்வளவு பயிற்சி ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு விடை அழுத்தத்தில் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒரு பங்கு இடம் கொள்ளும் காற்று பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்குகிறது. அதனால்தான் இறங்கும்போது காதுகளுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. ஏறும்போது அதே காற்று விரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருபவரின் நுரையீரல் கிழிந்துவிடக்கூடும். ஆழத்தில் திசுக்களில் கரையும் நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும் என்பதால்தான் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடங்கள் நின்று வரும் வழக்கமும் உருவானது. இந்தப் பழக்கங்கள் நினைவிலிருந்து எடுத்துச் செய்வனவாக இல்லாமல் உடலில் ஊறியவையாக மாறுவதற்குச் சில பத்து முக்குளிப்புகளாவது ஆகும். அதுவரை அமைதியான கடலே ஏற்ற கடல்.

இனி மாதம். தமிழ்நாட்டில் குடும்பத்தோடு புறப்பட வாய்க்கும் காலங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறை, தீபாவளியையொட்டிய நாட்கள், டிசம்பர் இறுதி, பொங்கல் ஆகியவை. அந்தமானில் கடல் மிகத் தெளிந்தும் அடங்கியும் இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மே மூன்றாம் வாரத்தையொட்டி அங்கே வந்துவிடுகிறது. ஆகவே கோடை விடுமுறையில் அந்தமான் செல்ல விரும்புபவர்கள் ஏப்ரல் கடைசியையோ மே முதல் வாரத்தையோ குறிவைக்க வேண்டும், ஜூன் என்று தள்ளிப்போடக் கூடாது. இலங்கையின் கிழக்குக் கரையில் இதற்கு நேர்மாறு: அங்கே வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை நடுமலைநாட்டின் மறைவில் கரை அமைதியாக இருக்கும். இலட்சத்தீவில் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவு வரை காலம் நன்று. மாலத்தீவில் ஆண்டு முழுவதும் முக்குளிக்கலாம், ஆனால் எந்தப் பக்கத்துப் பாறையில் எது தென்படும் என்பது காற்றின் திசைக்கு ஏற்ப மாறும். தீபாவளிக் காலம் வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலம் என்பதால், அப்போது மட்டுமே விடுப்பு கிடைப்பவர்கள் அந்தமானைவிட இலட்சத்தீவையோ மாலத்தீவையோ பார்ப்பது நல்லது. படகும் விமானமும் நின்றுபோய் விடுதி அறையில் நாட்களைக் கழிக்கும் வருத்தம் சிறியதன்று.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் அண்மையில் பெற்றவர்களுக்கும் என் முதல் பரிந்துரை அந்தமான்தான். குறிப்பாக, 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக். சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் விமானத்தில் சென்று சேரும் போர்ட் பிளேர், 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கிருந்து தனியார் விரைவுப் படகுகளும் அரசுப் படகுகளும் ஹேவ்லாக் செல்கின்றன. இந்தியக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், தனி அனுமதியும் வேண்டாம். இவை வசதிகள்தாம் என்றாலும், என் பரிந்துரைக்கு உண்மையான காரணம் இவையல்ல. ஒரே தீவைச் சுற்றியே எளிதிலிருந்து கடினம் வரை படிப்படியாக அமைந்த முக்குளிப்பு இடங்கள் இருப்பதுதான் காரணம்.

படகுத்துறைக்கு அருகிலுள்ள நீமோ ரீஃப் பகுதியில் கரையிலிருந்தே நடந்து இறங்கி, இடுப்பளவு நீரில் முகமூடியைக் கழற்றி மாட்டும் பயிற்சியைத் தொடங்கி, அப்படியே மெல்லச் சரியும் தரையோடு ஆழத்துக்குச் செல்லலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட அச்சம் குறைந்த தொடக்கம் அரிது. அடுத்து, தீவின் வடமுனையை ஒட்டிய லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற இடங்களில் சான்றிதழுக்கான கடல் முக்குளிப்புகளை முடிக்கலாம். அவற்றின் பெரும்பகுதி 18 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பயிற்சி முடித்து மேலும் சில நாட்கள் கையில் இருப்பவர்கள், ‘அட்வான்ஸ்டு’ பாடத்தைத் தொடர்ந்து, நீண்ட படகுப் பயணத்துக்குப் பின் வரும் டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் ஆகிய ஆழமான பாறைகளுக்குச் செல்லலாம். 20 மீட்டருக்கும் கீழே சீலா மீன்களும் பாறை மீன்களும் கூட்டம் கூட்டமாகச் சுழலும் அந்த இடங்களைப் பார்த்தவர்கள், இந்தியக் கடலில் முக்குளிக்க எதுவுமில்லை என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். ஒரே பயிற்றுநர், ஒரே படகு, ஆறு மீட்டரிலிருந்து முப்பது மீட்டர் வரை நம்மோடு வர முடிகிறது என்பதுதான் ஹேவ்லாக்கின் பெரிய பலம்.

குறையையும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பம் கூடியதால் அந்தமானின் ஆழமற்ற பகுதிகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. உலகெங்கும் பவளங்களைத் தாக்கிய நான்காவது பெருவெளுப்பு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஆகவே பத்து மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்துச் செல்பவர்கள் சில இடங்களில் சாம்பல் நிறச் சிதறல்களைத்தான் காண்பார்கள். மீன்வளத்திலும் ஆழமான பாறைகளின் மென்பவளங்களிலும்தான் அந்தமானின் சிறப்பு இன்றைக்கு இருக்கிறது. ஹேவ்லாக்கின் கூட்டம் பிடிக்காதவர்கள் படகில் இன்னும் சிறிது தூரம் சென்று, இப்போது ஷஹீத் தீவு என்று வழங்கும் நீல் தீவில் தங்கலாம். கற்றுக்கொள்ள அங்கும் நல்ல இடங்கள் உண்டு, மாலைகள் மிக அமைதியானவை. தெற்காசியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பேரன் தீவைச் சுற்றி முக்குளிக்கும் கப்பல் பயணங்களும் உண்டு. அவை அனுபவம் உள்ளவர்களுக்கானவை.

இலட்சத்தீவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நீரின் தெளிவிலும், பவளப் பாறைகள் வளையமாகச் சூழ்ந்த வளையத்தீவுகளின் உட்கடலின் அமைதியிலும் இந்தியாவில் அதற்கு நிகரில்லை. பங்காரம், கத்மத், அகத்தி ஆகிய தீவுகளைச் சுற்றி ஆமைகளும் திருக்கைகளும் நிறைந்த பாறைச் சரிவுகள் இருக்கின்றன. பங்காரத்துக்கு அருகே மூழ்கிக் கிடக்கும் பிரின்சஸ் ராயல் என்ற பழைய கப்பலையும் பார்க்கலாம். ஆனால் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி தேவை, தங்கும் இடங்கள் சில, அகத்தி விமான நிலையத்தில் சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடியும், கொச்சியிலிருந்து கப்பலில் செல்வதென்றால் ஓர் இரவுக்கும் கூடுதலாக ஆகும். முக்குளிப்பு நிலையங்களும் குறைவு என்பதால், பயிற்றுநர் பிடிக்கவில்லையென்றால் மாற்று இல்லை. மருத்துவ நெருக்கடி என்றால் கொச்சிக்கு வான்வழியாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஏற்கெனவே சான்றிதழ் பெற்று, திட்டமிட நீண்ட அவகாசமும், தேதி மாறினால் பொறுத்துக்கொள்ளும் மனமும் உள்ளவர்களுக்கு அது அருமையான இடம். முதல் பயிற்சிக்காக அங்கே செல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

மாலத்தீவைப் பற்றித்தான் மிகுதியான தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. அங்குள்ள கடல் தேன்நிலவுப் படங்களில் தெரிவதைப் போல எப்போதும் சாந்தமானது என்று பலர் நம்புகிறார்கள். வளையத்தின் உள்ளே, விடுதியை ஒட்டிய ஆழமற்ற பகுதியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் மாலத்தீவை உலக முக்குளிப்பாளர்களிடையே புகழ்பெறச் செய்த காட்சிகள் அங்கே நிகழ்வதில்லை. 26 வளையத்தீவுக் கூட்டங்களையும் பெருங்கடலையும் இணைக்கும் கால்வாய்களை அந்நாட்டினர் கந்து என்கிறார்கள். ஓதமும் பருவக்காற்றும் தள்ளும் நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய்களின் வழியாகத்தான் உள்ளே பாய்ந்து வெளியேறுகிறது. உணவைச் சுமந்துவரும் அந்த நீரோட்டத்துக்கு எதிரே சுறாக்களும் திருக்கைகளும் வந்து நிற்கின்றன. முக்குளிப்பவர் படகிலிருந்து குதித்த உடனே நேராகக் கீழிறங்கி, கால்வாயின் விளிம்பில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு, காற்றில் பறக்கும் கொடியைப் போல நீரோட்டத்தில் நின்றபடி பார்க்க வேண்டும். திலா எனப்படும், உச்சி நீருக்குள் பல மீட்டர் கீழே மறைந்திருக்கும் குன்றுகளிலும் நிலை ஏறக்குறைய இதுவே. அரி வளையத்திலுள்ள மாயா திலா, மீன்தலைப் பாறை ஆகியவை இந்த வகையில் புகழ்பெற்றவை.

நேற்றுச் சான்றிதழ் பெற்ற ஒருவரை அந்த நீரோட்டத்தில் இறக்குவது அவருக்கும் அவரோடு வருபவர்களுக்கும் ஆபத்து. இறங்குவதில் அரை நிமிடம் தாமதித்தாலே குன்றைத் தவறவிட்டு நீலவெளியில் மிதக்க நேரும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும், காற்றுக்கலம் பாதி நேரத்திலேயே காலியாகும். முக்குளிப்புக் கப்பல்களில் பல, ‘அட்வான்ஸ்டு’ சான்றிதழும் ஐம்பது முக்குளிப்புகளும் கேட்பது வெறும் சடங்கன்று. மாலத்தீவு அரசின் விதிகளும் பொழுதுபோக்கு முக்குளிப்பை 30 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகின்றன. எனவே, மாலத்தீவை இரண்டாவது அல்லது மூன்றாவது முக்குளிப்பு விடுமுறையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். காத்திருந்து செல்பவர்களுக்கு அது அளிப்பதை வேறு எந்த அண்டைக் கடலும் அளிப்பதில்லை. அந்நாட்டில் சுறா மீன்பிடிப்பு 2010இல் தடைசெய்யப்பட்டதன் பயனை ஒவ்வொரு முக்குளிப்பிலும் கண்ணால் காணலாம்.

அங்கே செல்பவர்கள் தங்கும் முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருக்கும் உல்லாச விடுதிகள் விலை மிகுந்தவை. ஆனால் கரையிலிருந்தே இறங்கக்கூடிய பாறை பல விடுதிகளில் இருப்பதால், ஒருவர் முக்குளித்து மற்றவர் ஓய்வெடுக்க விரும்பும் தம்பதியருக்குப் பொருந்தும். முக்குளிப்புக் கப்பலில் ஒரு வாரம் தங்கினால் ஒரு நாளைக்கு மூன்று முறை வரை, பல வளையங்களில் இறங்கலாம். முக்குளிப்பு ஒன்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இதுவே சிக்கனமானதாக அமைவதுண்டு, ஆனால் குடும்பத்தில் முக்குளிக்காதவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாவது வழி, ஏறத்தாழ 15 ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்டுள்ள, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்கள். நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு மாலத்தீவைத் திறந்துவிட்டவை இவையே. திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுவதும் காண வாய்ப்புள்ள தெற்கு அரி பகுதிக்கு திகுரா தீவும், அதிகாலையில் சுத்தியல்தலைச் சுறாவைத் தேடிச் செல்ல ரஸ்தூவும், புலிச்சுறாவுக்காகத் தெற்குக் கோடியில் உள்ள புவமுலாவும் தக்க இடங்கள். கொம்புத் திருக்கைகள் நூற்றுக்கணக்கில் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவில், மே முதல் நவம்பர் வரையான காலத்தில், நீர்மேல் நீந்திப் பார்க்க மட்டுமே அனுமதி உண்டு. காற்றுக்கலத்தோடு இறங்கக் கூடாது. இதை அறியாமல் அதற்காகவே முக்குளிப்புப் பயணம் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. உள்ளூர்த் தீவுகளில் மது கிடையாது, ஒதுக்கப்பட்ட கடற்கரைக்கு வெளியே உடை அடக்கமாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. வருகை நாளை வெள்ளியன்று வைத்துக்கொள்பவர்கள் தனி விரைவுப் படகுக்குப் பெருந்தொகை கொடுக்க நேரும்.

திருகோணமலையை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதற்குக் கடலின் அமைதி மட்டும் காரணமன்று. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கருநுனிச் சுறாக்கள் ஆழமற்ற நீரில் உலவும் அந்த இடம் அறிமுக முக்குளிப்புக்கும் சான்றிதழ் பயிற்சிக்கும் நன்றாகவே பொருந்துகிறது. உள்ளூர்ச் சுழியோடிகள் பலர் தமிழ் பேசுபவர்கள் என்பது பயிற்சியில் எவ்வளவு பெரிய துணை என்பதை, ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லப்பட்ட பாதுகாப்பு விளக்கத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டியவர்கள் உணர்வார்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில், போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் எச்சங்கள் கடலுக்குள் கிடக்கின்றன. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் அங்கே முக்குளித்து அவற்றைக் கண்டனர். மலையின் உச்சியில் கோயிலை வணங்கிவிட்டு, கடல் இடம் கொடுக்கும் நாளில் அதே மலையின் அடிவாரத்தை நீருக்குள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு ஒரு தமிழ் வாசகருக்கு வேறெங்கும் அமையாது என்று நினைக்கிறேன்.

தெற்கே மட்டக்களப்புப் பக்கம், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சிறப்புப் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப முக்குளிப்பாளர்களைத் தவிர வேறெவரும் அதை எண்ணிப் பார்க்கவே கூடாது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லைக்குள்ளேயே இருப்பதால், ‘அட்வான்ஸ்டு’ சான்றிதழ் உள்ளவர்கள் அதை நாடலாம். கிழக்குக் கரையின் குறை, நீரின் தெளிவு மாலத்தீவையோ இலட்சத்தீவையோ எட்டுவதில்லை என்பது. முக்குளிப்பு நிலையங்களின் தரமும் ஒரே சீராக இல்லை. கருவிகளைக் கடைசியாகப் பழுதுபார்த்தது எப்போது, படகில் ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்று கேட்டு, நேரில் காட்டச் சொல்லிய பிறகே பணம் கட்ட வேண்டும். இந்த இரண்டு கேள்விகளை மற்ற மூன்று இடங்களிலும் கேட்கலாம். கேட்டதும் முகம் சுளிக்கும் நிலையத்தை விட்டு வெளியேறுவதில் தயக்கம் வேண்டாம்.

நான்கு இடங்களுக்கும் பொதுவான ஒரு விதி, பயணத் திட்டத்தின் வடிவத்தையே மாற்றிவிடக்கூடியது. முக்குளித்த உடன் விமானம் ஏறக் கூடாது. விமான அறையில் அழுத்தம் குறையும்போது உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் குமிழிகளாக மாறி, அழுத்த நோய் எனப்படும் பாதிப்பை உண்டாக்கலாம். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்று முக்குளிப்பாளர் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அறிவுறுத்துகிறது. கடைசி நாள் முழுவதையும் காலியாக விட்டுவிடுவதே நான் விரும்பும் கணக்கு. அந்தமானில் இது வருத்தம் தராது: கடைசி முக்குளிப்பை முடித்து மறுநாள் போர்ட் பிளேர் திரும்பி, 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை நிதானமாகப் பார்க்க அந்த நாள் தேவைப்படுகிறது. ஹேவ்லாக் படகு கடல் சீற்றத்தால் ரத்தானாலும் அந்த ஒரு நாள் காப்பாற்றும். இலங்கையில் இந்த விதியை மறந்துவிடுவது எளிது, ஏனென்றால் ஆபத்து விமானத்தில் மட்டும் இல்லை. திருகோணமலையில் காலையில் முக்குளித்துவிட்டு, மாலையே 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் காரில் ஏறுவதும் உடலுக்கு ஏறக்குறைய விமானப் பயணத்தைப் போன்றதுதான். மலைநாட்டையும் பார்க்க விரும்புபவர்கள் அதை முதலில் முடித்துக்கொண்டு, கடலைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் சென்னைக்கு விமானம் ஏற யாழ்ப்பாணம் பலாலிக்கோ கொழும்புக்கோ சமவெளி வழியாகவே செல்ல முடியும்.

செலவை இடத்தின் பெயரை வைத்து மதிப்பிடக் கூடாது. மாலத்தீவில் அறை வாடகையைவிட, விமான நிலையத்திலிருந்து தீவுக்குச் செல்லும் விரைவுப் படகும் கடல் விமானமும், அவற்றின் மேல் ஏறும் சுற்றுலா வரிகளும் கணக்கைக் கலைத்துவிடுகின்றன. அந்தமானில் பயிற்சிக் கட்டணம் ரூபாயில் இருக்கிறது, ஆனால் டிசம்பர் இறுதியில் விமானக் கட்டணம் மும்மடங்காகவும் ஏறும். அதே பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளினால் கடலும் மேம்படும், பணமும் மிஞ்சும். திருகோணமலையில் தங்குவதும் உண்பதும் மலிவு, சாலைப் பயணம்தான் நாளை விழுங்கும். எங்கே மிச்சம் பிடித்தாலும் பயிற்றுநர் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். மிகக் குறைந்த கட்டணம் என்பது பெரும்பாலும் ஒருவருக்கு எட்டுப் பேர் என்ற கூட்டமாகத்தான் முடிகிறது. அந்தப் பணத்தில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் சொந்த முகமூடி ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொண்டால், முதல் நாள் பதற்றத்தில் பாதி குறையும்.

நல்ல பயிற்றுநரின் அடையாளம், மிதப்பைக் கட்டுப்படுத்தக் கற்றுத் தருவதில் அவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதில் தெரியும். பாறை வடிவப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே வளர்கின்றன. காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை மோதினாலே பல ஆண்டு வளர்ச்சி உடைந்துவிடும். ஏற்கெனவே வெப்பத்தால் நலிந்த பவளங்களின் மேல் மண்டியிட்டுப் படம் எடுக்க அனுமதிக்கும் நிலையங்களுக்கு நாம் கொடுக்கும் பணம் அந்தக் கடலையே அழிக்க உதவுகிறது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. இறந்த பவளத் துண்டு என்றாலும் எடுத்து வரக் கூடாது. இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர்ந்த பட்டியலில் இருப்பவை.

கடைசியாக, முன்பதிவின் வரிசை. அழுத்த நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் உயரழுத்த அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையிலும், மாலத்தீவில் பண்டோஸ் தீவிலும் இருக்கிறது. நாம் தங்கும் தீவிலிருந்து அதை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று நிலையத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் முக்குளிப்பு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும் என்பதால், அதைச் சேர்த்த காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, முக்குளிப்பு நிலையம் அனுப்பும் மருத்துவக் கேள்விப் படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்புங்கள். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, நுரையீரல் சிதைவு, காது அறுவை சிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்று விடையளிக்க நேர்ந்தால் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் முக்குளிக்கவே கூடாது. தீவில் போய் இறங்கிய பிறகு இந்தப் படிவத்தைப் பார்ப்பவர்களுக்கு இரண்டே வழிகள்தாம் எஞ்சுகின்றன: பொய் சொல்லி இறங்குவது, அல்லது கரையில் உட்கார்ந்திருப்பது. மருத்துவரின் கையொப்பம் கிடைத்த பிறகு நிலையத்தில் இடம் பதிவு செய்து, அதன்பின் விமானச் சீட்டை வாங்கலாம்.